அமர்ந்திருப்பவரின் உருவப்படம் ஏன் தட்டையாகிப் போகிறது?

காவேரிப்பட்டணத்துக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் நண்பர், அப்பாவைப் பெற்ற ஆயா திண்ணையில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதைக் கைபேசியில் படமெடுத்து, அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். சாயல் வந்துவிட்டது, ஆனால் உருவம் தட்டையாக நிற்கிறது. பெரிய ஓவியர்களிடம் காணும் கட்டற்ற தூரிகை வீச்சை முயன்றபோது படம் கலங்கிப் போய்விட்டது என்கிறார். எந்தத் தூரிகை வாங்கினால் அந்த வீச்சு வரும், கருத்த முகத்துக்கு எந்த வண்ணங்களைக் கலப்பது, கெட்டுப்போன கேன்வாஸின் மேலேயே மறுபடி தீட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள். முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்பதை எப்போது, எப்படி முடிவு செய்வது? தூரிகை கேன்வாஸைத் தொடுவதற்கு முன்பே அதை முடிவு செய்தவருக்கு வீச்சு வரும். தீட்டிக்கொண்டே முடிவு செய்துகொள்ளலாம் என்று தொடங்குபவருக்கு எந்தத் தூரிகையும் உதவாது.

சென்னையில் ஓவியம் படித்து, தருமபுரியில் பல ஆண்டுகளாக உருவப்படம் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் பழக்கம் எண்ணெய் வண்ணத்தில்தான். நீர்வண்ணத்தில் நிழலைக் கையாளும் ஒழுங்கு வேறு என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. ஆகையால் கீழே சொல்லும் காரணங்களுள் எவை உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று நான் சொல்வது இயற்பியல், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை; தூரிகையை எப்படிப் பிடிப்பது, எத்தனை வண்ணம் எடுத்துக்கொள்வது என்று சொல்வது என் பழக்கம் மட்டுமே, அதற்கு நேர் எதிராகச் செய்து நன்றாகத் தீட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

சிக்கலின் பெரும்பகுதி கைபேசிப் படத்திலேயே தொடங்கியிருக்கும். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக்கோணம் கொண்டது. ஒன்று, ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்று அமர்ந்திருப்பவரை எடுத்தால், முன்னால் நீண்டிருக்கும் முழங்கால்களும் கைகளும் பெருத்துத் தலை சிறுத்துப் போகும். நின்றிருப்பவரை எடுக்கும்போது இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. அமர்ந்த உருவத்தில் முழங்காலுக்கும் முகத்துக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் ஆழம் இருப்பதால் நன்றாகவே தெரியும். குறைந்தது மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். மேலும், இப்போதைய கைபேசிகள் வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, இருண்ட பகுதிகளைத் தாமாகவே தூக்கிக் காட்டுகின்றன. கண் நேரில் ஒரே இருட்டாகப் பார்த்த கழுத்துப் பகுதியில், திரையில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். தெரிவதையெல்லாம் நீங்கள் தீட்டுவீர்கள்; நிழல் நிழலாக இராது. அந்த வசதியை அமைப்பில் நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டால் முகத்தின் வெளிச்சப் பகுதியைத் திரையில் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இறக்கி எடுங்கள். ஆயாவை அரை மணி நேரமாவது நேரில் உட்காரவைத்துப் பார்ப்பதற்கு இவை எதுவும் ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது திண்ணை. நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் திண்ணைக்கு முன்புறம் முழுவதும் திறப்பு, பின்னால் சுவர், மேலே தாழ்ந்த கூரை. அதில் தெருவைப் பார்த்து உட்காருபவரின் முகத்தில் ஒளி நேர் எதிரிலிருந்து விழுகிறது. அப்படி எதிரிலிருந்து வரும் ஒளியில் நெற்றி, கன்னம், தாடை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் பெறும். வடிவத்தைக் காட்டுவதற்கு நிழலே இருக்காது. பாஸ்போர்ட் படங்களை எடுப்பவர்கள் வேண்டுமென்றே இப்படி ஒளி அமைக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது அடையாளம் மட்டும். நாற்காலியைக் கால்வட்டம் திருப்பி, ஆயாவின் ஒரு தோள் தெருப்பக்கமும் மறு தோள் சுவர்ப்பக்கமும் இருக்கும்படி வையுங்கள். ஒளி பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகையில் வந்தால், தூரத்துக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிறிய முக்கோணமாக ஒரு வெளிச்சம் மட்டும் தங்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) தீட்டிய முகங்களில் இதை அடிக்கடி காணலாம். அதனால்தான் ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் அந்த அமைப்பை அவர் பெயரால் அழைக்கிறார்கள். தாழ்ந்த கூரை மேலிருந்து வரும் ஒளியைத் தடுத்துவிடும் என்பதால், திண்ணையின் விளிம்புக்கு அருகில் உட்காரவைப்பது நல்லது. வீட்டுக்குள் கண்ணாடி ஓடு பதித்த கூடம் இருந்தால் அதையும் பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் அதற்கு நேர் கீழே உட்காரவைத்தால் கண்குழிகள் இருண்டுபோகும், சற்றுத் தள்ளிப் பின்னால் உட்காரவைக்க வேண்டும்.

வடக்குச் சன்னல் ஒளியே ஓவியனுக்கு உகந்தது என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லும். அது ஐரோப்பாவிலிருந்து வந்த விதி. அங்கே சூரியன் வேலை நேரம் முழுவதும் தெற்கு வானில் இருப்பதால், வடக்குச் சன்னலில் வெயில் நுழையாமல் வானத்தின் நிலையான ஒளி மட்டும் வரும். உங்கள் மாவட்டத்துக் கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமாகவே செல்கிறது. அந்த நான்கு மாதங்களில் நமக்கு நிலையான ஒளி தருவது தெற்கு வாசல்தான். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை சூரியன் தெற்கே செல்வதால் பாடப்புத்தகம் சொல்லும் வடக்கு சரியாக இருக்கும். இடைப்பட்ட வாரங்களில் காலையும் மாலையும் ஒரு பக்கம், நண்பகல் மறுபக்கம். எந்தத் திசையானாலும், சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது என்பதை மறக்க வேண்டாம்; வெயில் நேரடியாக விழும் இடத்தில் அரை மணிக்குள் நிழலின் வடிவம் மாறிவிடும். தொடங்கும்போது எந்த நிழலைக் குறித்தீர்களோ அதையே கடைசி வரை காப்பாற்ற வேண்டும். நகர்ந்த நிழலைத் துரத்திக்கொண்டே போனால் ஒரே முகத்தில் இரண்டு சூரியன்கள் இருக்கும்.

இடம் அமைந்த பிறகு, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். இமை இடுங்கும்போது நுணுக்கங்கள் மறைந்து, முகமும் புடவையும் நாற்காலியும் நான்கைந்து பெரிய திட்டுகளாகத் தெரியும். அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள்: ஒளி நேரடியாகப் படும் திட்டுகள், படாத திட்டுகள். ஒரு திட்டு எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்ற அளவை டோன் என்கிறோம். ஒளிக் கூட்டத்தின் மிக இருண்ட டோனைவிட நிழல் கூட்டத்தின் மிக வெளிச்சமான டோன் இருண்டே இருக்க வேண்டும். உருவம் தட்டையாவதற்கு நான் மாணவர்களிடம் அதிகமாகப் பார்க்கும் காரணம் இந்த எல்லை மீறப்படுவதுதான். தாடைக்கு அடியில் வாசலின் செம்மண் எதிரொளித்துத் தரும் செம்மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு மிகவும் எடுப்பாகத் தோன்றும். அதை அந்த எடுப்போடு தீட்டினால் அந்த இடம் ஒளிக் கூட்டத்துக்குத் தாவிவிடும், தாடை உள்ளே போகாமல் முன்னால் வந்து நிற்கும். எதிரொளியை நிறத்தால் காட்டுங்கள், வெளிச்சத்தால் காட்ட வேண்டாம். பென்சிலால் உள்ளங்கை அளவில், வெள்ளை, கறுப்பு, நடுச்சாம்பல் என மூன்று டோன்களில் மட்டும் இந்தப் பிரிவை முதலில் வரைந்து பார்த்துவிட்டுக் கேன்வாஸுக்குப் போங்கள்.

நிழலின் விளிம்புகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மூக்கு மேலுதட்டின் மேல் வீசும் நிழல், நாற்காலியின் கை தொடையின் மேல் வீசும் நிழல் போன்றவை பொருளை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மென்மையாகவும் ஆகும். கன்னம், தோள் போன்ற உருண்ட பரப்புகளில் ஒளி தானாகத் திரும்பி மறையும் விளிம்பு எப்போதும் மென்மையானது. இருண்ட புடவைத் தலைப்பும் இருண்ட சுவரும் சேரும் இடத்தில் விளிம்பே தெரியாது. தெரியாததைத் தீட்ட வேண்டாம். கோட்டோவியத்தில் தேர்ந்தவர்களுக்கு இதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அவர்களுடைய கை உருவத்தைச் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் கோடு போட்டுப் பழகியது.

அமர்ந்த உடலின் கட்டமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிற்கும் ஆள் ஏழு, ஏழரைத் தலை உயரம் என்றால், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தவர் தரையிலிருந்து ஐந்தரை, ஆறு தலை இருப்பார். முதுகு வளைந்த முதியவர் அதிலும் குறைவு. தூக்குக்குண்டு ஒன்றைக் கையில் பிடித்து, காதிலிருந்து நேர் கீழே எது வருகிறது, முழங்காலுக்கு நேர் மேலே எது இருக்கிறது என்று பாருங்கள். உடலின் எடை நாற்காலியில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பது தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக அமையும். நம்மை நோக்கி வரும் தொடை கண்ணுக்குத் தெரியும் நீளத்தில் மிகக் குறுகும். அது நீளமானது என்று அறிவு சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

வண்ணத்துக்கு வருவோம். கருத்த தோலைத் தீட்டும்போது வெளிர் முகத்துக்கான கலவையோடு கறுப்பைச் சேர்ப்பது ஒரு தவறு, அழகுபடுத்துவதாக எண்ணி வெள்ளையைச் சேர்ப்பது அதைவிடப் பெரிய தவறு. தோலின் மேற்பரப்பிலிருந்து நேராகத் தெறிக்கும் ஒளி எல்லா நிறத்தவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். உள்ளே புகுந்து சிதறித் திரும்பும் ஒளிதான் கருத்த தோலில் குறைவு. ஆகவே கருத்த முகத்தில் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவற்றின் மேல் படியும் மினுமினுப்பு வெளிர் முகத்தைவிட எடுப்பாகத் தெரியும், அது தோலின் நிறத்தைக் காட்டாமல் ஒளி வரும் இடத்தின் நிறத்தைக் காட்டும். திறந்த வானத்திலிருந்து ஒளி வந்தால் அந்த மினுமினுப்பு நீலச் சாம்பலாக இருக்கும். அதை வெள்ளையும் மஞ்சளும் கலந்து தீட்டியவுடன் முகம் மரப்பொம்மையாகிவிடும். தலையிலும் முகத்திலும் எண்ணெய் தடவியிருந்தால் மினுமினுப்பு கூர்மையாகவும், வறண்ட முதிய தோலில் பரந்தும் இருக்கும். வானத்தின் ஒளி குளிர்ந்த நிறம், அதாவது நீலச் சாயல் கொண்டது என்பதால், அதற்கு எதிரே நிழல் பக்கம் சூடாக, அதாவது செம்மஞ்சள் சாயலில் தோன்றும், செம்மண் வாசலும் அதற்குத் துணை செய்யும். நேரடி வெயிலில் இது தலைகீழ். வெயில் சூடு, வானத்தை நோக்கிய நிழல்கள் குளிர்ச்சி.

என் பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம் ஆகியவை மட்டுமே இருக்கும். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கிடைக்கும் ஆழ்ந்த இருட்டு, குழாயிலிருந்து வரும் கறுப்பைவிட உயிரோடு இருக்கும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் அறியப்படும் பேலட் இதைவிடச் சிறியது: வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக் என்ற கறுப்பு. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து அங்கே நீலத்தின் வேலையைச் செய்கின்றன. நம் மனிதர்களின் முகத்துக்கு அந்த நான்கே போதும் என்று நான் கருதுகிறேன். கத்தரிப்பூ நிறப் புடவை என்றால் மட்டும் போதாது.

இனித் தூரிகை வீச்சு. தளர்ந்த தீற்றல் என்றால் வேகமான தீற்றல் என்று பலர் எண்ணுகிறார்கள். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் தீட்டியவை வேகமாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு தீற்றலும் ஒரு பரப்பின் திசையையும் டோனையும் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் ஓய்கிறது. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்குவெஸ் 1650-ஆம் ஆண்டளவில் ரோமில் தீட்டிய போப் பத்தாம் இன்னசென்ட் உருவப்படம், அமர்ந்த உருவத்துக்கு எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த பாடம். சிவப்புத் திரை, சிவப்பு நாற்காலி, சிவப்புப் பட்டு மேலாடை என எல்லாமே சிவப்பு; அந்த ஒரு நிறத்துக்குள் டோனை மட்டும் வைத்து ஆழம் காட்டியிருக்கிறார், பட்டின் பளபளப்பு அருகில் போனால் வெறும் தீற்றல்களாகக் கலைந்துவிடும். அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் 1892-இல் தீட்டிய லேடி அக்னியூ படத்தில் அந்தப் பெண் பூ வேலைப்பாடு கொண்ட நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். முகம் கவனமாகக் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளை ஆடையும் இடுப்புப் பட்டையும் நாற்காலித் துணியும் அகன்ற வீச்சுகளில் முடிந்துவிடுகின்றன. ஆறு அமர்வுகளில் முடிந்த படம் அது. ஆனால் அதே சார்ஜென்ட், திருப்தி வராத முகங்களை முழுவதுமாகச் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதில் பேர்போனவர். ஒரு தீற்றல் தவறினால் அதன் மேல் தடவித் தடவிச் சரிசெய்ய மாட்டார். உங்கள் படம் கலங்கியதற்குக் காரணம் இந்தத் தடவலாகவே இருக்கும்: ஈரமான இரண்டு டோன்களின் எல்லையில் தூரிகை மூன்று, நான்கு முறை போய்வந்தால் இரண்டும் செத்துச் சேறாகிவிடும்.

ஆகவே செயலில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பன்றிமுடித் தட்டைத் தூரிகையில் ஒரு அங்குல அகலத்திலும் அரை அங்குல அகலத்திலும் ஒவ்வொன்று போதும். மெல்லிய தூரிகையை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள். பேலட்டில் ஒளிக்கு இரண்டு, நிழலுக்கு இரண்டு, நடுவே ஒன்று என ஐந்து குவியல்களைத் தாராளமாகக் கலந்து, முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்து டோன் சரியா என்று உறுதி செய்த பிறகே தொடங்குங்கள். வண்ணத்தில் சிக்கனம் பிடிப்பவருக்கு வீச்சு வராது; தூரிகையில் வண்ணமே இல்லாமல் வீசினால் கீறல்தான் மிஞ்சும். நிழலை டர்பன்டைன் சேர்த்து மெல்லியதாகவும், ஒளியைத் தடிப்பாகவும் வையுங்கள். தடித்த வண்ணத்தின் மேடு அறையின் ஒளியைத் தானும் வாங்கிக்கொள்ளும். தூரிகையின் பின்முனையைப் பிடித்து, தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். ஒவ்வொரு தீற்றலுக்குப் பிறகும் மூன்று எட்டு பின்னால் போய்ப் பாருங்கள். எல்லா இடத்தையும் தளர்வாக்கவும் வேண்டாம். முகத்திலும், மடியில் கிடக்கும் கைகளிலும் கட்டு இருக்கட்டும். புடவை, நாற்காலி, திண்ணைத் தூண் ஆகியவை கலைந்து போகட்டும்.

தளர்வு என்பது கட்டாயமன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜா, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்து வீடுகளின் உள்ளே விழும் ஒளியை ஒரு தீற்றல்கூடத் தெரியாத நுணுக்கத்தோடு தீட்டியவர். நம் வீடுகளின் ஒளியையும், நம் பெண்களின் நிறத்தையும் அவர் அளவுக்குக் கவனித்தவர்கள் குறைவு. அவர் படங்களைப் பார்த்து நீங்கள் கற்க வேண்டியது ஒளியின் பிரிவை. வழவழப்பை அல்ல, நீங்கள் போக நினைப்பது வேறு வழி என்பதால்.

சுருக்கங்களைக் கோடுகளாக இழுக்காதீர்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சிறு பள்ளமும் ஒரு சிறு மேடும். மேலிருந்து ஒளி வந்தால் பள்ளத்தின் மேற்சரிவு இருண்டும் கீழ்ச்சரிவு வெளிச்சமாகவும் இருக்கும். ஒளியும் நிழலும் சந்திக்கும் பகுதியில்தான் சுருக்கங்கள் தெளிவாகத் தெரியும். அங்கே நான்கைந்தை வைத்தால் போதும், மற்றவற்றைப் பார்ப்பவர் தாமே எண்ணிக்கொள்வார். கைகளையும் அவ்வாறே, முதலில் விரல்களைப் பிரிக்காமல் ஒளிப்பக்கம், நிழல்பக்கம் என்ற இரண்டு திட்டுகளாக வைத்து, பிறகு இரண்டு விரல்களை மட்டும் பிரியுங்கள். நரைத்த கூந்தல் வெள்ளையன்று. பின்னால் தெரியும் வானத்தோடு ஒப்பிட்டால் அது நடுச்சாம்பல். மூக்குத்தியின் ஒளிப்புள்ளி கடைசித் தீற்றல், அதைத் தொட்டபின் திரும்பத் தொடக் கூடாது.

முதியவரை இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவைக்க வேண்டாம். எழுவதற்கு முன் நாற்காலிக் கால்களையும் பாதங்களையும் சுற்றிச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால், திரும்பி வந்து அதே இடத்தில் அமரலாம். பேசிக்கொண்டிருக்கட்டும், பேச்சில் முகம் அசைந்தாலும் தோளும் கைகளும் இயல்பாக இறங்கும்.

கடைசிக் கேள்வி, பழைய கேன்வாஸ். சாயல் வந்திருக்கும் படத்தை அழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதன் மேலேயே தீட்டுவதென்றால், காய்ந்த வண்ணத்தின் மேடுகளை நுண்ணிய உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உலர்ந்த தூள் மூச்சில் போகக் கூடாது, சில நிறமிகள் நஞ்சு. எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் நிற்காது. மேலடுக்கில் கீழடுக்கைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் வண்ணம் சற்று ஒளிபுகும் தன்மை பெறுவதால், அடியில் இருக்கும் பழைய முகம் பிற்காலத்தில் மங்கலாக மேலே தெரியவும் கூடும். இவ்வளவு தொல்லைக்குப் புதிய சிறு பலகைகளே மேல். 12×16 அங்குலத்தில் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில், ஈரம் காய்வதற்குள் முடித்துப் பாருங்கள். அவற்றுள் ஒளிப் பிரிவு சரியாக வந்த ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பெரிய கேன்வாஸைத் தொடங்குங்கள். வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதமாவது பொறுத்திருங்கள். ஒளியைத் தடிப்பாக வைத்த இடங்களுக்கு அதற்கு மேலும் ஆகும்.